ஒண்ணுமில்ல, எந்திரி!

பிள்ளை விழுந்து புழுதி அடங்குவதற்குள் அந்தக் குரல் வந்துவிடும்: "ஒண்ணுமில்ல, எந்திரி!"

விழுந்தவன் கிடப்பது எதிர்க் கோலுக்குப் பக்கத்தில். குரலுக்குச் சொந்தக்காரரான எங்கள் அணி அண்ணன் உட்கார்ந்திருப்பது இந்தக் கோடியில், என் ஐஸ் பெட்டியின் மேல். ஹாக்கித் திடலின் நீளம் 91.4 மீட்டர். அத்தனை தூரத்திலிருந்தே எலும்பு, நரம்பு, மூளை மூன்றையும் ஒரே பார்வையில் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுக்கிற டாக்டர் சுங்கைப்பட்டாணியில் வேறு யாரும் இல்லை. அலோர்ஸ்டார் பெரியாஸ்பத்திரியிலும் இருக்க வழியில்லை.

பனித்தரையில் சறுக்கிக்கொண்டு ஆடுகிற ஹாக்கியும் உண்டு. 2017 சீ விளையாட்டில் நம்ம நாட்டிலேயே ஆடினார்கள். எங்கள் ஹாக்கியில் ஐஸ் என்பது இந்தப் பெட்டிக்குள் இருப்பது மட்டும்தான். அதைச் சுமப்பது என் வேலை, அதன்மேல் உட்காருவது அண்ணன் வேலை.

ஒரே சொல்லாக இருந்தாலும் அதில் தரம் பிரித்து வைத்திருக்கிறார். முழங்கால் தோல் உரிந்தால் வெறும் "ஒண்ணுமில்ல". கணுக்காலில் மட்டை பட்டால் "ஒண்ணுமில்லடா!" விரல் நசுங்கினால், "உதறு, உதறு, ஒண்ணுமில்ல." நெற்றியில் பந்து பட்டு, எது நம்ம கோல் என்று தெரியாமல் ஒருவன் திருதிருவென்று நின்றால், "மூஞ்சில தண்ணிய அடி, ஒண்ணுமில்ல." தலையில் அடிபட்டு மயங்கித் தெளிந்த பிள்ளைக்கு அன்றைய ஆட்டம் அதோடு முடிந்தது என்பதுதான் உலகம் முழுக்க இப்போது மருத்துவர்கள் சொல்லும் விதி. அண்ணன் அதற்கும் "ஒண்ணுமில்ல" என்பார். போன மாதம் பீடோங்கிலிருந்து வந்த பையன் ஒருவன் ஷூ கயிறு கட்டக் குனிந்தான். அவனுக்கும் ஒன்று கிடைத்தது.

பாரபட்சம் மட்டும் கிடையாது. சொந்தப் பேரன் விழுந்தால் இன்னும் உரக்கக் கத்துவார்.

கூலிமிலும் லூனாஸிலும் பாடாங் செராயிலும் திடலுக்கு ஒரு அண்ணன் இருக்கிறார். எல்லாரும் சொல்வது ஒரே கதைதான்: "நாங்கள்லாம் எந்த ஷின்பேட் போட்டோம்? கித்தாக் கிளைய வளைச்சிச் சீவி மட்டை. ஒட்டுப்பால உருட்டிப் பந்து. பெரட்டுக் களத்துல, வெறுங்கால்ல. யாரு செத்தா?"

யாரும் சாகவில்லை அண்ணே. ஒட்டுப்பால் ரப்பர். காலில் பட்டால் துள்ளிக்கொண்டு போய்விடும். இப்போதைய பந்து கெட்டிப் பிளாஸ்டிக், 156 கிராமுக்குக் குறையாது. பெனால்டி கார்னர் அடிக்கும்போது கோல் வாசலில் நிற்கிற பிள்ளை முகமூடி போட்டுக்கொள்ளலாம் என்று சட்டத்தையே மாற்றி வைத்திருக்கிறார்கள். நம்ம பிள்ளைகள் முகமூடியை எடுத்தால் இவர், "என்னாடா, கொள்ளையடிக்கப் போறியா?" என்று கேட்கிறார். பதினோரு வயசுப் பிள்ளை வெட்கப்பட்டு அதைக் கீழே வைத்துவிடுகிறான்.

ஒரே ஒரு அடிக்குத்தான் இவரிடம் "ஒண்ணுமில்ல" வராது. 1975 உலகக் கிண்ணம், அரையிறுதி. ஸ்ரீ சண்முகநாதன் தலைமையில் நம்ம மலேசிய அணி 2-1 என்று முன்னால் நிற்கிறது. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் அஸ்லாம் ஷேர் கான் சமன் செய்கிறார், கூடுதல் நேரத்தில் இந்தியா 3-2. அண்ணன் அதைக் கிராணி வீட்டு ரேடியோவில், சன்னலுக்கு வெளியே நின்று கேட்டவர். சொல்லும்போது இன்றைக்கும் தொண்டை அடைக்கும். ஐம்பது வருஷமாக விழுந்த இடத்திலேயே கிடக்கிறார். எந்திரி என்று யாரும் சொன்னதில்லை.

இதுவரைக்கும் சிரிக்கலாம். அம்பயர் விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வராது.

ஒரு நாள் விசில் ஊதியது ஐந்தாம் படிவம் படிக்கிற ஒரு பிள்ளை. பஸ் காசுக்கும் ஒரு பொட்டலம் நாசி லெமாக்குக்கும் காலையிலிருந்து வெயிலில் ஓடியவள். ஐந்து மீட்டருக்குள் நின்றவன் மேல் பேரன் பந்தைத் தூக்கி அடித்தான். அது ஆபத்தான ஆட்டம். அவள் பச்சை அட்டை காட்டி இரண்டு நிமிஷம் வெளியே உட்கார வைத்தாள். சட்டப்படி சரி. அண்ணன் பெட்டியை விட்டு எழுந்தார். "கண்ணு தெரியுதா ஒனக்கு?" என்று ஆரம்பித்தவர், அவள் குடும்பம் வரைக்கும் போய்த்தான் நிறுத்தினார். இரண்டு அணிப் பிள்ளைகளும் மட்டையை ஊன்றிக்கொண்டு பார்த்தார்கள். அடுத்த வாரமே நம்ம ஆள் ஒருவன், பத்து வயசு, அதே ராகத்தில் ஒரு அம்பயரைக் கேட்டான்: "கண்ணு தெரியுதா?" அந்தப் பெண் பிறகு விசிலைத் தொடவில்லை. அவளைப் பார்த்தும் ஒண்ணுமில்ல என்றுதான் அண்ணன் சொன்னார்.

அப்படியானால் இவரை வராதே என்று சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். வேன் அவருடையது. தோட்டத்துப் பிள்ளைகள் ஒன்பது பேரை விடியற்காலை வீடு வீடாக ஏற்றி வருகிறவர் அவர். எண்ணெய்க் காசு கேட்டதில்லை. தோற்ற அன்றைக்கு ரெண்டு அணிக்கும் ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுப்பார். அவர் வராவிட்டால் அணியும் இல்லை, அடிபடப் பிள்ளையும் இல்லை.

போன சனிக்கிழமை நம்ம கோல்கீப்பருக்கு மணிக்கட்டு வீங்கிப்போனது. ஓடிப்போய் நின்றால் பெட்டியின் மேல் அண்ணன்.

"அண்ணே, கொஞ்சம் எந்திரிங்க."

"இருப்பா, முட்டி வலி. சட்டுனு எந்திரிக்க முடியல."

பிள்ளைகள் எல்லாரும் சுற்றி நிற்கிறார்கள். வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு, கை கொடுத்துத் தூக்கினேன். மணிக்கட்டுக்கு வைத்தது போக மீந்த ஐஸை அண்ணன் முட்டிக்கு வைத்துக்கொண்டார்.