ஔவையார் வளைவு

வாங்காத கடனுக்கு வட்டி கட்டுகிற வழக்கம் நெற்றிக்கும் வந்துவிட்டது. இருபத்தாறு வயசு, வழவழவென்று முகம், என்றைக்கோ வரப்போகிற கோட்டுக்கு இன்றைக்கே போட்டாக்ஸ் ஊசி. இது ஏன் அபத்தம் என்பதற்கு என்னிடம் அசைக்கமுடியாத காரணம் ஒன்று இருக்கிறது. வருகிறேன்.

போன ஞாயிறு ஏலகிரி மலைப்பாதையில் கார் ஏறிக்கொண்டிருந்தது. பெங்களூரிலிருந்து வந்திருந்த அக்கா மகள், "சுருக்கம் விழுந்தப்புறம் போடறதெல்லாம் பழைய காலம் மாமா. விழறதுக்கு முன்னாடியே போட்டுடணும்" என்றாள். சொல்லிவிட்டு என் நெற்றியை ஒரு பார்வை பார்த்தாள். ரிஜெக்ட் தோலைப் பார்க்கிற பார்வை. எனக்குத் தெரியாதா? ஆம்பூரில் ஷூ கம்பெனி செலக்‌ஷன் மேஜையில் அந்தப் பார்வை பார்த்துத்தானே வீட்டில் உலை வைத்தேன்.

தோலை விரித்ததும் கண் முதலில் கழுத்துக்குப் போகும். அங்கேதான் மடிப்பு இருக்கும். மாடு உயிரோடு இருந்த காலத்தில் குனிந்து நிமிர்ந்து மேய்ந்ததற்கு அது சாட்சி. அப்புறம் வயிற்றுப் பக்கத் தொளதொளப்பு, முள் கிழித்த தழும்பு, உண்ணி கடித்த புள்ளி, யாரோ சூடு போட்ட வடு. இதையெல்லாம் மறைக்க டேனரியில் செய்யாத வித்தை இல்லை. சட்டத்தில் கிளிப் மாட்டி நாலு பக்கமும் இழுத்துக் காயவைப்பார்கள். சூடான தகட்டில் அழுத்துவார்கள். மேல்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து, பெயின்ட் அடித்து, அதன்மேல் பொய்ரேகையை அச்சுக் குத்துவார்கள். இத்தனை பாடுபட்ட 'கரெக்டட் கிரெய்ன்' மலிவு. ஒன்றும் செய்யாமல் விட்ட 'ஃபுல் கிரெய்ன்' விலை அதிகம். கூத்து இதோடு நிற்கவில்லை. நல்ல தோலை டிரம்மில் போட்டு மணிக்கணக்கில் உருட்டி, வேண்டுமென்றே சுருக்கம் வரவழைப்பதும் உண்டு. அதற்குத் தனிக் காசு. வெளிநாட்டு பையர் அதைத் தடவிப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். (மாட்டுத்தோலில் கன்றுத்தோலுக்குத்தான் விலை அதிகம் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. என் கட்சிக்கு ஆகாது.) தவிர, இத்தனை கொடுமையும் சொந்தக்காரர் செத்த பிறகுதான் நடக்கும். தானே நடந்து போய்ப் பணம் கட்டி ஃபினிஷிங் செய்துகொண்ட மாட்டை நான் பார்த்ததில்லை.

அந்த ஊசி மருந்தின் பூர்வீகமாவது மங்களகரமாக இருக்கிறதா? 1895-இல் பெல்ஜியத்தில் எல்லெசெல் என்ற கிராமத்தில், சாவு வீட்டில் வாசிக்கப் போன பேண்ட் கோஷ்டி உப்புக்கண்டம் போட்ட பன்றிக்கறியைச் சாப்பிட்டு விழுந்தது. மூன்று பேர் போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் கறியிலிருந்து வான் எர்மெங்கெம் கண்டுபிடித்த கிருமியின் விஷம்தான் இன்றைய போட்டாக்ஸ். நரம்பு சொல்வது தசைக்குக் கேட்காமல் செய்துவிடும். 1987-இல் வான்கூவரில் ஒரு கண் டாக்டரம்மா இமைத்துடிப்புக்கு இதைப் போட்டபோது, நோயாளியின் புருவக் கோடும் மறைவதைக் கவனித்தார். 2002-இல் அமெரிக்க அரசு அழகுக்கும் அனுமதித்தது. மூன்று நாலு மாசத்தில் வேகம் இறங்கிவிடும், மறுபடி போட வேண்டும். எங்கள் கேபிள்காரரே பரவாயில்லை.

ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். ஔவையார் வளைவில் எனக்குப் பொறுக்கவில்லை. "இந்தம்மா கல்யாணம் வேணாம்னு பிள்ளையார்கிட்ட கிழத்தனத்தைக் கேட்டு வாங்கினவங்க, தெரியுமா?" என்றேன்.

"ஏன், அதியமான் நெல்லிக்கனி குடுத்தப்போ வேணாம்னாங்களா?" என்றாள் அவள்.

அந்த ஔவை வேறு, இந்த ஔவை வேறு என்று விளக்குவதற்குள் அதியமான் வளைவே வந்துவிட்டது. தமிழ் மீடியத்தில் படித்தது நான்.

சாயந்தரம் புங்கனூர் ஏரிக்கரையில் அக்கா ஒரு மாப்பிள்ளை போட்டோவை என் கையில் திணித்தாள். "நான் காட்டினா எகிறுவா. நீ காட்டுடா. மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாத்துச் சொல்லு." காட்டினேன். செலக்‌ஷன் மேஜை அனுபவம் முழுவதையும் திரட்டி உற்றுப் பார்த்தேன். புருவம் புருவமாக இருந்தது. நெற்றி ஏரித் தண்ணியாக இருந்தது. சம்மதம் என்றே முடிவுகட்டி அக்காவைப் பார்த்துத் தலையாட்டப் போனேன்.

"மாமா, நான் அரை மணி நேரமா முறைச்சிக்கிட்டிருக்கேன்" என்றாள்.