நான்காம் நிலைக்கு மட்டும்

விழுப்புரம் மாவட்டத்து மேல்சித்தாமூர் சமண மடத்து நோன்பில் பொழுது சாய்ந்தபின் சாப்பாடு கிடையாது. யானைக்கால் நோயின் புழுக்குஞ்சுக்கோ அதற்குப் பிறகுதான் நாளே விடிகிறது. பகலில் நுரையீரலில் பதுங்கிக் கிடந்து, இரவு பத்துக்கும் இரண்டுக்கும் நடுவே தோலோர இரத்தத்தில் உலாவும். சாக்கடையில் பிறந்த கியூலெக்ஸ் கொசு கடிக்க வருவதும் அந்நேரம்தான்.

இந்தப் புழுவை ஒழிக்க நாள் குறிப்பதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. 2002 தேசிய சுகாதாரக் கொள்கை 2015 என்றது. 2017 கொள்கை, அதே 2017 என்றது. மை காயுமுன் கெடு முடிந்தது. இப்போது 2027. முகூர்த்தம் எத்தனை முறை தள்ளிப்போனாலும் பந்தல்காரருக்கு நட்டமில்லை.

வீங்கிய காலைத்தான் ஊரும் பார்க்கிறது, அமைச்சரும் பார்க்கிறார். அந்தக் காலுக்குரியவர் இரத்தத்தில் பெரும்பாலும் குஞ்சே இராது. கழனிக்கும் கல்யாணத்துக்கும் போய்வருகிற ஆரோக்கியசாலியின் நிணநீர்க் குழாயில்தான் தாய்ப்புழு ஆண்டுக்கணக்கில் குடித்தனம் நடத்துகிறது. அவரிடம் புழுவுக்கான டி.இ.சி. மாத்திரையை நீட்டினால், "எனக்கென்ன கேடு?" என்று சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். பதிவேட்டில் மட்டும் விழுங்கிவிடுவார். இதே விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் 1990-களில் புதுச்சேரி வெக்டர் கன்ட்ரோல் ரிசர்ச் சென்டர் சுற்றுச் சுற்றாக மாத்திரை கொடுத்துப் பார்த்தது. அப்படியும் சிலர் இரத்தத்தில் குஞ்சு மிச்சமிருந்தது.

மாத்திரைச் சுற்றுகள் முடிந்த பிறகு மதிப்பீடு. ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளின் விரலைக் குத்துவார்கள். தொற்று புதிதாகப் பரவுகிறதா என்றறிய அது சரியான வழிதான், மறுக்கவில்லை. ஆனால் பழைய புழு அந்தப் பிள்ளையின் சித்தப்பாவிடம் அல்லவா இருக்கிறது! இலங்கை 2016-இல் ஒழிப்புச் சான்று பெற்றது. காலி மாவட்டத்தில் அதன் பிறகும் தொற்று தென்பட்டது. ஒளிந்துகொள்வது இந்தப் புழு மட்டுமல்ல: ஆப்பிரிக்கத் தூக்க நோயின் ஒட்டுண்ணி இரத்தத்தில் சிக்காமல் தோலுக்குள்ளும் ஒளிந்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் காட்டியதும் அதே 2016-இல்தான். அந்த நோயை ஒழிக்கவும் 2030 என்று நாள் குறித்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை உண்டு, நான்காம் நிலை வீக்கத்துக்கு. மூன்றாம் நிலைக்காரர் கால் பெருக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். கழுவாமல், மருந்து தடவாமல் விட்டால் சீக்கிரம் நான்காம் நிலைக்குத் தேறிவிடலாம். அதற்கும் வழியில்லாதபடி வாளி, குவளை, சோப்பு, துண்டு என்று ஒரு தொகுப்பைக் கையில் கொடுத்து, தினமும் கழுவச் சொல்லி அனுப்புகிறது அதே அரசு.