எஸ்டிமேட் கேட்கும் மனிதர்

கெவின் மெக்ளவுட், பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சியில் 1999 ஏப்ரலில் தொடங்கிய ‘கிராண்ட் டிசைன்ஸ்’ நிகழ்ச்சியின் தொகுப்பாளர். சொந்தமாக வீடு கட்டத் துணிந்தவர்களின் மனைக்கு அஸ்திவாரம் தோண்டும்போது ஒருமுறை, கையிருப்புக் கரையும்போது சிலமுறை, குடிபுகுந்த பிறகு கடைசியாக ஒருமுறை போய்வருவது அவர் தொழில். செங்கல் எடுத்துக் கொடுப்பதில்லை, கடன் கொடுப்பதில்லை, பிளான் போட்டுத் தருவதும் இல்லை. கேள்வி கேட்பார். வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்ற பழமொழியின் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு கால் நூற்றாண்டுக்கு மேல் நிகழ்ச்சி நடத்திவிட்டார். இரண்டாம் பாதி, கூரை போடாத வீட்டில் மழை பெய்யும் வாரத்தில் தானாகவே வந்து சேர்ந்துகொள்ளும்.

அவர் 1959 மே 8 அன்று இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷையரில் பிறந்தார். பெற்றோர் கட்டிய வீட்டில் வளர்ந்தார். பள்ளிப்படிப்பு முடிந்ததும் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகருக்குப் பாட்டுக் கற்கப் போனார். பிறகு கேம்பிரிட்ஜில் மொழிகளில் தொடங்கி, தத்துவத்துக்குத் தாவி, கலை மற்றும் கட்டடக்கலை வரலாற்றில் கரையேறினார். அங்கே ‘ஃபுட்லைட்ஸ்’ நகைச்சுவை நாடகக் குழுவில் ஸ்டீஃபன் ஃப்ரை, ஹியூ லோரி ஆகியோர் அவருடைய சகாக்கள். அதன்பின் நாடக மேடை அமைப்பு, விளக்கு வடிவமைப்பு என்று தொழில் செய்தார். லண்டன் ஹாரட்ஸ் அங்காடியின் உணவுக்கூடத்துக் கூரை அலங்காரத்திலும் அவர் கைவண்ணம் உண்டு. இந்த வரலாற்றில் சித்தாள் வேலை ஒருநாள்கூட இல்லை என்பதைக் கவனிக்கலாம். ஆனால் பின்னால் கிடைத்த வேலைக்கு எல்லாமே கைகொடுத்தன: பாடிப் பழகிய குரல், எந்தச் சுவரில் எந்த வெளிச்சம் விழுந்தால் அழகு என்ற கணக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக, அபத்தமான பதிலைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்கும் நடிப்புப் பயிற்சி.

அவர் வந்த நேரமும் நல்ல நேரம். 1990களின் இறுதியில் தொடங்கி 2007 வரை பிரிட்டனில் வீட்டு விலை ஏறிக்கொண்டே போனது. ஊரே வீட்டுப் பேச்சாக இருந்தது. தொலைக்காட்சிகள் அந்தப் பேச்சை வகைபிரித்துக்கொண்டன. வீடு தேடி அலைபவர்களுக்கு 2000இல் கர்ஸ்டி ஆல்சாப், ஃபில் ஸ்பென்சர் இருவரும் நடத்திய ‘லொகேஷன், லொகேஷன், லொகேஷன்’ வந்தது. பழைய வீட்டை வாங்கிப் புதுக்கி விற்பவர்களுக்கு 2001இல் சேரா பீனியின் ‘பிராப்பர்ட்டி லேடர்’ வந்தது. ஏலத்தில் எடுப்பவர்களுக்கு 2003இல் பிபிசியின் ‘ஹோம்ஸ் அண்டர் த ஹேமர்’ வந்தது. இவற்றில் பீனியின் நிலைதான் பரிதாபம். வந்தவர்களுக்கெல்லாம் அவர் நல்ல யோசனை சொல்வார். பலரும் அதைக் காதில் வாங்காமல் தங்கள் இஷ்டத்துக்குச் செய்வார்கள். விலை ஏறும் வேகத்தில் லாபமும் பார்த்துவிடுவார்கள். 2008 நிதி நெருக்கடி வந்து விலை சரிந்த பிறகு, 2009இல் அந்த நிகழ்ச்சிக்குப் ‘பிராப்பர்ட்டி ஸ்னேக்ஸ் அண்ட் லேடர்ஸ்’ என்று பெயர் மாறியது. ஏணி மட்டும் இருந்த இடத்துக்குப் பாம்பும் குடிவந்தது.

மெக்ளவுட்டின் நிகழ்ச்சி வாங்குவதையும் விற்பதையும் விட்டுவிட்டுக் கட்டுவதைப் பிடித்துக்கொண்டது. பிரிட்டனில் நினைத்த இடத்தில் வானம் தோண்ட முடியாது. 1947ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்துக்குப் பிறகு, நிலம் சொந்தமாக இருந்தாலும் வீடு கட்ட உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். ஆகவே அங்கே மனை வாங்கி, அனுமதி பெற்று, தனக்கென்று ஒரு வீடு கட்டுபவர் ஏற்கனவே பாதி வாழ்க்கையை மனுப் போடுவதில் கழித்தவர். மீதிப் பாதியைப் படம்பிடிக்க மெக்ளவுட் வருகிறார்.

ஒரு பகுதியின் ஒழுங்கு பெரும்பாலும் மாறாது. சேற்று மனையில் ஒரு தம்பதி நிற்பார்கள். கணினிப் படத்தில் வீடு தரையிலிருந்து முளைத்து எழும். மெக்ளவுட் எஸ்டிமேட் எவ்வளவு என்பார். ஒரு தொகை சொல்வார்கள். எதிர்பாராத செலவுக்கு என்ன ஒதுக்கியிருக்கிறீர்கள் என்பார். ஒன்றும் ஒதுக்கவில்லை என்பார்கள். வேலையை மேற்பார்வை பார்ப்பது யார் என்பார். நாங்களேதான் என்பார்கள். முன் அனுபவம் உண்டா என்பார். இல்லை, ஆனால் இணையத்தில் நிறையப் பார்த்திருக்கிறோம் என்பார்கள். எப்போது முடியும் என்பார். கிறிஸ்துமஸுக்கு என்பார்கள். எந்த ஆண்டு கிறிஸ்துமஸ் என்று அவர் கேட்பதில்லை. கேமராப் பக்கம் திரும்பி, புருவத்தை அரை அங்குலம் உயர்த்துவார். அங்கே விளம்பர இடைவேளை வரும்.

அடுத்த கட்டம் டிரெய்லர் வண்டி வாசம். வாடகையை மிச்சம் பிடிக்கக் குடும்பம் மனையிலேயே ஒரு டிரெய்லரில் குடியேறும். மழை பிடிக்கும். ஜெர்மனியிலிருந்து வரவேண்டிய ஜன்னல் வராது. வந்தால் அளவு சரியாக இருக்காது. இதற்கிடையில் மனைவி கர்ப்பம் என்ற செய்தி வரும். பழகிய நேயர்கள் இவற்றையெல்லாம் பட்டியலாக எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக ‘டிக்’ அடித்து விளையாடுவது உண்டு. கடைசியில் மெக்ளவுட் வந்து, சுவரைத் தடவிப் பார்த்து, படியில் ஏறி இறங்கி, மொத்தச் செலவைக் கேட்பார். புதிய தொகையைத் தம்பதியில் ஒருவர் சொல்வார். மற்றவர் ஜன்னல் வழியே வெளியே பார்ப்பார். பிறகு மெக்ளவுட் தனியே நின்று, அந்த வீட்டைப் பற்றி ஒரு சிற்றுரை ஆற்றுவார். நடுவில் எவ்வளவு சந்தேகப்பட்டிருந்தாலும், இந்த உரையில் மனம் இளகிவிடுவது வழக்கம்.

பணம் இருந்தால் வீடு சிறக்கும் என்ற நம்பிக்கையை இந்த நிகழ்ச்சியே உடைத்திருக்கிறது. 2003இல் வந்த பகுதியில், சசெக்ஸ் காட்டில் மரத்தொழில் செய்துவந்த பென் லா, சுற்றியிருந்த செஸ்நட் மரங்களை வெட்டி, நண்பர்களையும் தொண்டர்களையும் வைத்துக்கொண்டு, வைக்கோல் கட்டுகளால் சுவர் எழுப்பி, சுமார் 28,000 பவுண்டில் வீட்டை முடித்தார். தனக்கு மிகப் பிடித்த வீடு இதுதான் என்று மெக்ளவுட் பலமுறை சொல்லியிருக்கிறார். மறுமுனையில் வடக்கு டெவனின் கடலோரப் பாறை விளிம்பில் கலங்கரை விளக்க வடிவில் ஒருவர் தொடங்கிய வீடு நிற்கிறது. ஒன்றரை ஆண்டு வேலை என்று தொடங்கியது. 2019இல் ஒளிபரப்பானபோது கட்டடம் எலும்புக்கூடாக இருந்தது, கடன் கழுத்தை நெரித்தது, தம்பதியும் பிரிந்திருந்தார்கள். மிகச் சோகமான பகுதி இதுவே என்று நேயர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். 2022இல் வீடு முடிந்ததை மெக்ளவுட் மறுபடி போய்ப் பார்த்தார். கட்டியவர் அதை விற்பனைக்கு வைத்துவிட்டார்.

அடுத்தவர் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்த மெக்ளவுட், 2010 ஜனவரியில் ஒளிபரப்பான ‘ஸ்லம்மிங் இட்’ என்ற இருபகுதித் தொடருக்காக மும்பை தாராவியில் இரண்டு வாரம் தங்கினார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து போன தமிழர்கள் தோல் பதனிட்டும் கடை வைத்தும் தலைமுறைகளாக வாழும் இடம் அது. அங்கே எலியும் சாக்கடையும் அவரைத் திடுக்கிட வைத்தன. அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் ஒத்தாசையாக இருப்பது அதைவிட அதிகமாகத் திடுக்கிட வைத்தது. ஒற்றை அறையில் குடும்பம் நடத்துவோர், எதிர்பாராத செலவுக்கு என்ன ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேட்க வழியில்லாத மனிதர்கள். அவர்களுக்கு எல்லாச் செலவுமே அந்த வகைதான்.

கேள்வி கேட்பவரே பதில் சொல்லவேண்டிய கட்டமும் வந்தது. நல்ல வீடுகளை மலிவாகக் கட்டித்தர 2007இல் அவர் ‘ஹாப்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 2011இல் ஸ்விண்டன் நகரில் 42 வீடுகள் கொண்ட ‘டிரையாங்கிள்’ குடியிருப்பு எழுந்தது, பாராட்டும் கிடைத்தது. 2013இல் பொதுமக்களிடம் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் திரட்டினார்கள்; பின்னர் கடன் பத்திரங்களும் வெளியிட்டார்கள். வேலைகள் தாமதமாயின; செலவு ஏறியது. 2019இல், பத்திரம் வாங்கியவர்களுக்குப் போட்ட பணத்தில் பெரும்பகுதி திரும்பாமல் போகலாம் என்று தெரிவிக்கப்பட்டது. தாமதம், செலவு, கடன் என்று வரிசைகூட மாறவில்லை. புருவத்தை உயர்த்தத்தான் அருகில் ஆள் இல்லை.

ஆனாலும் அவர் ஆற்றிய பணி சிறியதல்ல. மின்சாரம் விழுங்காத வீடு, வெப்பம் கசியாத சுவர், உள்ளூரில் கிடைக்கும் பொருள் ஆகியவற்றைப் பற்றி இரவு உணவு நேரத்தில் சாதாரணக் குடும்பங்களைப் பேச வைத்தார். 2014இல் அரசு அவருக்கு எம்.பி.இ. விருது அளித்தது. கண்ணாடிப் பெட்டி போன்ற புதுமை வீடுகளை வாயாரப் புகழ்ந்த ஆண்டுகளில், அவர் குடியிருந்தது சாமர்செட்டில் பல நூற்றாண்டு பழைய பண்ணை வீட்டில். மருந்து விற்பவர் எல்லா மருந்தையும் தானே சாப்பிடவேண்டும் என்று சட்டமில்லை.

வீடு கட்டப்போகிறவர்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த இரண்டாவது கேள்வியை மட்டுமே. எஸ்டிமேட் போட்டு முடித்ததும் அதில் பத்தில் ஒரு பங்கையாவது தனியே எடுத்துவைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். வேலை முடியும்போது அந்தப் பணம் மிஞ்சியிருந்தால், உங்கள் வீட்டுக்குத் தொலைக்காட்சிக்காரர்கள் அநேகமாக வரமாட்டார்கள். அதுவும் ஒரு லாபம்தான்.