மூஸ்காரர்

சாக்லேட் மூஸ் என்ற நுரைபோன்ற இனிப்பை வீட்டிலேயே செய்தே தீருவேன் என்று நிற்பவர்தான் மூஸ்காரர். சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். சனிக்கிழமை சாயங்காலம் சூப்பர் மார்க்கெட்டில், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு சாக்லேட் கட்டியைத் திருப்பிப் பிடித்துப் பொடி எழுத்தைப் படித்துக்கொண்டு நிற்பார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். ரசம் வைக்கத் தெரியாது. எத்தனை விசிலில் பருப்பு வேகும் என்பது அவருடைய இலாகா இல்லை. ஆனால் மாஸ்டர்செஃப் ஆஸ்திரேலியாவை ஒரு சீசன் விடாமல் பார்த்தவர்.

“தம்பி, இதுல கோகோ பட்டரே இல்லையே. ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஃபேட்னு போட்டிருக்கு பாருங்க. இது காம்பவுண்டு.”

“எல்லாரும் இதைத்தான் சார் வாங்குறாங்க.”

“அதான் நாட்டுல பிரச்சினையே.”

இதில் அவர் சொல்வது சரி என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகும். வாய்க்குள் சூடு 37 டிகிரியை ஒட்டி இருக்கும். நல்ல சாக்லேட் நாக்கில் வைத்ததும் கரைவதும், கோகோ வெண்ணெய் இல்லாத மலிவான கட்டி மேலண்ணத்தில் மெழுகு அப்பியதுபோல் ஒட்டிக்கொள்வதும் இதனால்தான். இந்தக் கணக்கைச் சொல்லும்போதே பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ விளைவதையும் சேர்த்துச் சொல்வார். பில் போடும் இடத்தில் வரிசை நீளும்.

ஞாயிறு காலை பத்து மணிக்குச் சமையலறை அவர் வசம் போகும். டிஜிட்டல் தராசு வரும், குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் வரும், வீட்டிலுள்ள எவர்சில்வர் பாத்திரங்களில் பாதி மேடைக்கு வரும். அடுப்பை மூட்டுமுன் ஒரு வரலாற்று உரை. சாக்லேட் மூஸைக் கண்டுபிடித்தவர் துலூஸ் லோத்ரெக் என்ற பிரெஞ்சு ஓவியர் என்பார். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஓவியர் பிறந்தது 1864இல். அதற்கு நூறு வருஷம் முன்பே, மெனோன் என்ற பிரெஞ்சு சமையல் நூலாசிரியர் சாக்லேட் மூஸுக்குச் செய்முறை எழுதிவிட்டார். இதை யாரும் மூஸ்காரரிடம் சொல்வதில்லை. சொன்னால் உரை இன்னும் அரைமணி நீளும்.

முட்டையின் வெள்ளைக்கருவைத் தனியே பிரிக்கும் கட்டத்தில் வீட்டில் ஊரடங்கு. ஒரு சொட்டு மஞ்சள்கரு கலந்தாலும், பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் நுரை சரியாக எழும்பாது. அவருக்கு அது தெரியும். நேற்று அப்பளம் பொரித்த வாணலிக்குப் பக்கத்தில்தான் அந்தக் கிண்ணம் கவிழ்த்து வைத்திருந்தது என்பது தெரியாது. எப்படியோ நுரை கட்டிவிட்டால், கெட்டியாகிவிட்டதா என்று காட்டக் கிண்ணத்தைப் பையன் தலைக்கு மேல் தலைகீழாகப் பிடிப்பார். பையன் இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை டியூஷனுக்கு யாரும் சொல்லாமலே கிளம்பிவிடுகிறான்.

அடுத்தது நுரையைச் சாக்லேட்டில் சேர்ப்பது. “கலக்கக் கூடாது. கீழேயிருந்து மேலே எடுத்து மடிக்கணும். காத்து வெளியே போயிடக் கூடாது” என்று கரண்டியைக் கத்திபோல் பிடித்து விளக்குவார். கூடத்திலிருந்து மாமியார் எட்டிப் பார்ப்பார். ஐம்பது வருஷமாக உளுந்து அரைத்து, ஒரு பொட்டு மாவைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்த்த பிறகே வடை தட்டியவர்.

“உளுந்துமாவோட அரிசிமாவைக் கையால இப்படித்தான் சேர்ப்போம் மாப்பிள்ளை. அழுத்திப் பிசைஞ்சா இட்லி கல்லாயிடும்.”

“அது வேற அத்தை. இது புரோட்டீன் ஃபோம்.”

உளுந்து நுரையைத் தாங்குவதிலும் புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மாப்பிள்ளை என்ற மரியாதையில் விவாதம் அத்தோடு நிற்கும்.

கிரீம் சேர்த்தால் இன்னும் சோதனை. கடையில் ஃப்ரெஷ் கிரீம் என்று விற்கும் பெட்டியில் பெரும்பாலும் கொழுப்பு 25 சதவீதம். அதை அடித்தால் கை வலிக்கும், கிரீம் எழும்பாது. முப்பதுக்கு மேல் வேண்டும். சென்னை வெயிலில் அந்தக் கிரீமும் கிண்ணமும் சில்லென்று இருக்க வேண்டும். சித்திரை மாதம் மத்தியானம், சாக்லேட்டைக் கெட்டிப்படுத்த நினைக்கிறவருக்கு எதிராகச் சமையலறைக் காற்றே வேலை செய்யும். நான்கு மணிக்கு ஃபிரிட்ஜைத் திறந்தால் கிண்ணத்தில் இருப்பது மூஸ் அல்ல. ஆறின சாக்லேட் பால்.

“என்னங்க, இதைப் பசங்களுக்கு டம்ளர்ல ஊத்திக் கொடுத்திடவா?” என்று மனைவி கேட்பார். கிண்டலாகவா, அக்கறையாகவா என்று கண்டுபிடிக்க முடியாத குரல் அது.

இந்த இடத்தில்தான் மூஸ்காரர் தன் பிரம்மாஸ்திரத்தை எடுப்பார். எர்வே தீஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் காட்டிய வழி: முட்டை இல்லை, கிரீம் இல்லை, வெறும் சாக்லேட்டும் தண்ணீரும். காலையிலிருந்து “ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் சாக்லேட் போச்சு” என்று ஈரக்கையோடு வந்தவர்களையெல்லாம் விரட்டியவர், இப்போது 200 கிராம் சாக்லேட்டில் 175 மில்லி தண்ணீரைத் தயங்காமல் ஊற்றுகிறார். இரண்டுமே உண்மைதான். சொட்டுத் தண்ணீர் பட்டால் சர்க்கரையும் கோகோத் துகள்களும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு திரிந்த களியாகிவிடும். நிறையத் தண்ணீர் இருந்தால் கொழுப்பு அதில் பொடிப்பொடித் துளியாகப் பரவி, பால் மாதிரி ஒன்றாகிவிடும். அதை ஐஸ்கட்டி நிரப்பிய அண்டாவில் வைத்து அடிக்க, நீராக இருந்தது சில நிமிஷத்தில் திடீரென்று கம்பியில் பிடித்து நிற்கும். அதிகம் அடித்து மணல்மணலாகிவிட்டால் மறுபடி உருக்கி முதலிலிருந்து தொடங்கலாம். மூஸ்காரர் குணத்துக்கு இதைவிடத் தோதான செய்முறை கிடையாது.

மூஸோடு வைக்கப் பழச் சாறு பக்கத்தில் தயாராகிக்கொண்டிருக்கும். சாக்லேட்டின் கசப்புக்குப் புளிப்புதான் ஜோடி என்பதால் செய்முறையில் ராஸ்பெரி என்று எழுதியிருக்கும். நம்மூர் மார்க்கெட்டில் அதற்கு எங்கே போவது? கொடைக்கானலிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த தாட்பூட் பழம், அதாவது பேஷன் ஃப்ரூட், நாலைந்தை வெட்டி, சதையை வழித்து, சர்க்கரை போட்டு ஒரு கொதி விட்டு, டீ வடிகட்டியில் வடிப்பார். அந்த வடிகட்டியில் மறுநாள் போட்ட டீயிலும் வாசனை வரும்.

முட்டை இல்லாததால் மாமியாரும் ஒரு வாய் சாப்பிட்டார். “கசப்பா இருந்தாலும் தொண்டைக்கு இதமா இருக்கு மாப்பிள்ளை” என்றார். அவர் அகராதியில் அது கஷாயத்துக்குச் சொல்லும் பாராட்டு. மூஸ்காரர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு, இரண்டு கரண்டிக்கு நடுவே மூஸை உருட்டி வெள்ளைத் தட்டில் வைத்து, சுற்றிலும் சாற்றைச் சொட்டுச்சொட்டாக வைத்துப் படம் எடுத்து, குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கீழ்வீட்டுக்காரர் உடனே பதில் போட்டார்: “சூப்பர் சார். கேழ்வரகுக் களிக்கு மாங்காய்க் குழம்பா?”