மின்வெட்டின் மாத்திரை: புதூர்நாட்டு லினக்ஸ் கணினியை முன்வைத்து

லினக்ஸ் மேசைக்கணினியைச் சாய்க்கும் மின்வெட்டு குறில், நெடில், அளபெடை என மூவகைப்படும். ஜவ்வாது மலையில், திருப்பத்தூர் மாவட்டத்துப் புதூர்நாட்டில், காற்றோடு மழை வரும் மாலையொன்றில் மூன்றையும் பார்த்துவிடலாம். விளக்கு ஒருமுறை சிமிட்டினால் குறில். ஃபேன் ஓய்ந்து மறுபடி சுற்றினால் நெடில். மரக்கிளை கம்பியில் விழுந்து, லைன்மேன் வந்தால்தான் ஆகும் என்றால் அளபெடை. அதற்கு மாத்திரை வரம்பு இல்லை.

தொல்காப்பியர் மாத்திரையை அளந்தது கண்ணிமைப்பாலும் கைநொடியாலும். இமைப்பு என்பது 0.1 முதல் 0.4 விநாடி. கணினிக்குள் இருக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி, கரண்ட் போனபின் முழுச்சுமையில் தாங்குவது ஏறத்தாழ 16 மில்லிவிநாடி. எப்படிக் கணக்கிட்டாலும் இது கால் மாத்திரைக்கும் குறைவு, மகரக்குறுக்கத்துக்குக்கூடத் தாங்காது. அரசு தந்த இலவச மடிக்கணினி வயிற்றிலேயே பேட்டரி உள்ள சாதி, ஆகவே இவ்வாய்வுக்குப் புறம்பு. (இதே மலையின் காவலூரில் 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. ஊர் இருண்டால் அதற்கு நல்லது. துறைக்குத் துறை நியாயம் வேறு.)

சேதம் நேர்வது சோம்பலால். எழுதியதை லினக்ஸ் உடனே வட்டில் வைப்பதில்லை. சுமார் 30 விநாடிவரை ரேமிலேயே வைத்திருக்கும். 2008 இறுதியில் நிலைபெற்ற எக்ஸ்ட்4 கோப்பமைப்பு இதற்கு மளிகைக்கடை வழியைக் கையாள்கிறது: மாற்றத்தை முதலில் சிட்டையில் குறித்து, பிறகு பேரேட்டில் ஏற்றும். பாதியில் கடை இருண்டால் சிட்டையைப் பார்த்துப் பேரேட்டைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் வழக்கமான அமைப்பில் சிட்டையில் ஏறுவது கோப்புகளின் கணக்கு மட்டுமே, சரக்கு அல்ல. அதனால்தான் கணினி நலமாக எழுந்தும், முந்தின நிமிடம் அடித்த விண்ணப்பம் வெற்றுக்கோப்பாய்க் கிடக்கிறது.

கணக்கும் குழம்பினால் கறுப்புத்திரையில் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற சொல் வந்து நிற்கும். அங்கே எஃப்எஸ்சிகே கட்டளையை, பழுதான பகிர்வின் பெயரோடு இட வேண்டும். அது கேட்கும் கேள்விகளுக்கு முடிவிருக்காது. 'ஒய்' எழுத்தைச் சேர்த்துவிட்டால் எல்லாவற்றுக்கும் ஆம் என்றதாகும். கல்யாண வீட்டுப் பெரியவர் போல எதற்கும் தலையாட்டுவது இது. வட்டில் கரகர ஓசை இருந்தால் முதலில் நகல், பிறகே தலையாட்டல். தாய்தந்தை தெரியாத கோப்புகள் 'லாஸ்ட் பிளஸ் ஃபவுண்ட்' அடைவில் வெறும் எண்ணைப் பெயராகத் தாங்கிக் கிடக்கும்.

மேம்படுத்தல் ஓடும்போது கரண்ட் போயிருந்தால், டெபியன் வழி வந்த பாஸ், உபுண்டு போன்றவற்றில் டிபிகேஜி கட்டளையைக் கொண்டு, பாதியில் நின்ற தொகுப்புகளை அமைத்து முடிக்க வேண்டும். தேதி பல ஆண்டு பின்னோக்கிப் போயிருந்தால் வட்டின் மேல் பழியில்லை; மதர்போர்டிலுள்ள காசளவு பேட்டரி தீர்ந்தது. அதை மாற்றும்வரை, கோப்பமைப்பு கடைசியாக ஏற்றப்பட்டது எதிர்காலத்தில் என்று எஃப்எஸ்சிகே புகார் சொல்லிக்கொண்டிருக்கும்.

மிகக் கொடியது, எஃப்எஸ்சிகே ஓடும்போதே வரும் இரண்டாம் வெட்டு. போன கரண்ட் திரும்பியதும் இரண்டு மூன்று முறை வந்து வந்து போகும் என்பதால், ஃபேன் சில நிமிடம் ஒரே சீராகச் சுற்றும்வரை பொத்தானைத் தொடக்கூடாது. யூபிஎஸ் இருந்தால் இந்தக் காத்திருப்பு வேண்டாம். ஆனால் பேட்டரி செத்த யூபிஎஸ், கரண்ட் இருக்கும்போது மட்டும் கரண்ட் தரும்.