வாட்டவியல்: வீட்டுக் கழிவுக் குழாயின் சாய்வு குறித்து ஓர் ஆய்வு

குளியலறையில் கொட்டப்படும் நீர், தரையின் வடிகால் வாயான நானி டிராப்பைத் தவிர மற்ற எல்லாத் திசைகளுக்கும் செல்லும் என்பது இத்துறையின் முதல் விதி. கதவோரமும் வாஷிங் மெஷினின் பின்காலும் அந்நீர் விரும்பித் தங்கும் தலங்கள். தரைக்கு மேலே தெரியும் இப்பிழையைத் துடைப்பத்தால் தள்ளிச் சமாளித்துவிடலாம். டைல்ஸ் ஒட்டிய பின் எவர் கண்ணிலும் படாத, தரைக்கு அடியிலுள்ள குழாயின் வாட்டமே இங்கு ஆய்வுப் பொருள்.

அறிஞர்கள் இதில் இரு மரபினர். முதலாவது கண்மட்ட மரபு. இதைச் சேர்ந்த மேஸ்திரி குழாயின் ஒரு முனையில் குந்தி, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைச் சுருக்கி, "தண்ணி ஓடிரும் சார்" என்று தீர்ப்பளிப்பார். மேல்முறையீடு கிடையாது. இரண்டாவது டியூப் மரபு. கண்ணாடி போன்ற டியூபில் நீர் நிரப்பி, இரு முனைகளையும் இருவர் பிடித்துச் சுவரில் மட்டம் குறிப்பார்கள். கருவியில் குறையில்லை. ஆனால் உள்ளே ஒரு காற்றுக் குமிழி தங்கிவிட்டால் மட்டம் பொய் சொல்லும். டியூபைச் சுண்டிச் சுண்டிக் குமிழியை வெளியேற்ற வேண்டியவர் கையாள். அந்நேரம் அவர் டீ வாங்கப் போயிருப்பார் என்பது துணை விதி.

எவ்வளவு வாட்டம் வேண்டும்? குழாயின் அங்குலத்தைப் பத்தால் பெருக்கு என்பது பழைய பொறியாளர் கணக்கு. 4 அங்குலக் குழாய்க்கு 40க்கு 1; 6 அங்குலத்துக்கு 60க்கு 1. அதாவது 4 அங்குலக் குழாய் 20 அடி தூரம் போனால் 6 அங்குலம் இறங்கியிருக்க வேண்டும். நொடிக்கு ஏறத்தாழ முக்கால் மீட்டர் வேகமாவது இருந்தால்தான் கழிவுநீர் தன் வழியைத் தானே கழுவிக்கொள்ளும். குறைந்தால் தலைமுடி, சோப்பு, எண்ணெய் ஆகிய மும்மூர்த்திகள் உள்ளேயே குடியேறுவர்.

வேகத்தைக் கணக்கிட அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மேனிங் 1889இல் ஒரு சூத்திரம் தந்தார். அதில் ஒரு விந்தை உண்டு: வட்டக் குழாய் முழுக்க நிறைந்து ஓடினாலும் சரிபாதி நிறைந்து ஓடினாலும் வேகம் ஒன்றே. பாதிக்கும் கீழே போகும்போதுதான் வேகம் விழும். "எதுக்கும் ஆறு இன்ச் போட்டுருவோம்" என்ற புகழ்பெற்ற பரிந்துரையை இங்கே வைத்து எடைபோட வேண்டும். அகலக் குழாயில் ஒரு பக்கெட் நீர் பாய் விரித்தாற்போல் பரந்து, இழுத்துச் செல்ல வேண்டியதை அங்கேயே விட்டுவிட்டுத் தான் மட்டும் போய்ச் சேரும்.

இனி மையச் சிக்கல். வாட்டத்தைப் போய்ச் சேரும் இடத்திலிருந்து, அதாவது சேம்பரிலிருந்து பின்னோக்கி அளந்துவர வேண்டும். தெருவின் பாதாளச் சாக்கடை நமக்காக இறங்கிக் கொடுக்காது. நடைமுறையில் வேலை பாத்ரூமிலிருந்து தொடங்குகிறது. தாராளமாக வாட்டம் கொடுத்துக்கொண்டே வாசலுக்கு வந்தால், குழாய் சேம்பரின் வாய்க்குக் கீழே நிற்கிறது. எனவே கடைசி சில அடிகளுக்கு அது மேலேறுகிறது. மேனிங் சூத்திரப்படி இதற்கு விடை காண, வாட்டத்தின் இடத்தில் வரும் எதிர்மறை எண்ணுக்கு வர்க்கமூலம் எடுக்க வேண்டும். மேஸ்திரி ஒரு பென்ட் வாங்கிவரச் சொல்கிறார்.

இத்தனையும் சரியாக அமைந்த வீடுகளும் சென்னையில் தோற்கின்றன. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. கனமழையில் சாக்கடை நிரம்பி மேன்ஹோல் மூடி வரை ஏறினால், அதற்கும் தாழ்வான முதல் திறப்பு நம் வீட்டு பாத்ரூம்தான். வசதியுள்ளோர் ஜாக்கிகள் வைத்து வீட்டையே தூக்கிவிடுகிறார்கள். அப்போது பழைய குழாய்க்குத் திடீரென்று 3 அடி வாட்டம் கூடுதலாகக் கிடைக்கிறது. மிகை வாட்டத்தின் விளைவுகள் தனி ஆய்வுக்குரியவை.