கைகுலுக்கல், மூன்று சைஸில்

கோட் போட்ட இருவர் சிரித்தபடி கைகுலுக்கும் பத்து விநாடிக் காட்சி, ஸ்டாக் வீடியோ தளங்கள் பலவற்றில் சைஸுக்கு ஒரு விலையில் கிடைக்கும். வெப் சைஸ் மலிவு; 1920×1080 எச்டி நடுத்தரம்; 3840×2160, அதாவது 4கே என்றால் விலை எகிறும். பெரும்பாலும் எடுத்தது ஒரே 4கே ஃபைல்தான், மற்றவை அதைச் சுருக்கியவை. கூடுதல் வேலை பார்த்த சரக்குக்கு விலை குறைவு! முழுத் தோசை சுட்டு, பாதியைப் பிய்த்தெறிந்துவிட்டு அரைத் தோசை விற்கிற கணக்கு.

எச்டியைவிட 4கே-யில் நான்கு மடங்கு பிக்சல், மறுக்கவில்லை. அந்தச் சிரிப்பின் போலித்தனமும் நான்கு மடங்கு துல்லியமாகத் தெரியும். விளம்பரக்காரர் 4கே-யைத்தான் வாங்குவார். படத்தை முடித்து கிளையன்ட்டுக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவார். அது சுருங்கி, மங்கி, போய்ச் சேரும்.

“இன்னும் கொஞ்சம் ஷார்ப்பா வராதா சார்?”